கியர் பாக்ஸுக்குள் என்ன நிறம்

பிரான்சுவா முசியேயைக் கொன்றது தான் ஊற்றிய எண்ணெய்தான் என்று கலியபெருமாள் பத்து மாதமாக நம்பிக்கொண்டிருந்தான். பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கவில்லை. தட்டாஞ்சாவடியில் அவனுடைய மெக்கானிக் பட்டறைக்குப் பக்கத்திலேயே லேத்து வைத்திருக்கும் அம்மாவாசைக்கு மட்டும் தெரியும். அவனுக்கும் பாதிதான் தெரியும்.

முசியேயின் கார் இருபத்திரண்டு வருஷத்து ஜெர்மன் கார். கறுப்பு. தோல் சீட்டு. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் வாழ்ந்து ஊராருக்கு 'முசியே' ஆன மனுஷன், யாரோ சென்னைப் பணக்காரன் ஓட்டிச் சலித்ததை வாங்கி வந்து, கல்யாணப் பெண்ணைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். போன வருஷம் ஐப்பசியில், கியர் மாறும்போது லேசாக உதைக்கிறது என்று பட்டறையில் கொண்டுவந்து விட்டார்.

அதுவரை கலியபெருமாள் கை வைத்த ஆட்டோமேட்டிக் எல்லாம் ஜப்பான் வண்டி, கொரியா வண்டி. அவற்றின் கியர் எண்ணெய் ரத்தச் சிவப்பாக இருக்கும். இதைத் திறந்தால் தேன் நிறத்தில் வடிந்தது. ஓடி ஓடிச் சிவப்பு வெளுத்துப்போச்சு என்று நினைத்தான். பதினோரு வயதிலிருந்து செங்கல் சூளையில் கல் சுமந்தவன் அவன். சூளையில் சிவந்த கல்லுக்குத்தான் விலை. வெளுத்த கல்லை மேஸ்திரி காலால் எட்டித் தள்ளுவான். அந்தக் கண்ணோடுதான் எண்ணெயையும் பார்த்தான். வடிந்த அளவுக்குச் சிவப்பு எண்ணெயை ஊற்றி, போல்ட்டை முடுக்கி அனுப்பிவிட்டான்.

மார்கழியில் சென்னைக்கு ஸ்பேர் வாங்கப் போனபோது கடைக்காரன் சிரித்தான். "யோவ், அந்த பாக்ஸுக்கு ஒரிஜினலே அந்தக் கலருதான்யா. செவப்ப ஊத்துனா உள்ள இருக்கற பிளேட்டெல்லாம் வழுக்கும். என்னைக்காவது நடு ரோட்டுல ஒரே கியர்ல மாட்டிக்கும். மிதிச்சாலும் போவாது."

அன்றைக்கே முசியேயைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். போனை எடுத்தான். வைத்தான். தப்பை ஒத்துக்கொண்டால் பெரிய வண்டி எதுவும் அப்புறம் பட்டறைப் பக்கம் வராது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டவன், பொங்கல் கழிந்த வாரத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் முசியேயைப் பார்த்தான்.

இல்லை. அதற்கு முந்தின நாளும் பார்த்தான். அதுதான் அம்மாவாசைக்குத் தெரியாத பாதி. மத்தியானம் மூன்றேகால் மணி இருக்கும். மெயின் ரோட்டில், பட்டறைத் தெருவின் முனையில் அந்தக் கறுப்புக் கார் ஓரங்கட்டி நின்றது. இடது பக்க விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. ஹார்ன் அடிக்கவில்லை, ஆள் இறங்கவில்லை. எண்ணெய் விஷயம் தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறார் என்று கலியபெருமாள், வண்டிக்கு அடியில் வேலை பார்க்கப் பட்டறைத் தரையில் வெட்டியிருந்த பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டான். எட்டிப் பார்த்தபோது வண்டி திரும்பி, வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

இப்போது அந்த வீட்டிலிருந்தே போன். ஸ்டெல்லாமேரி மதாம், முசியேயின் மனைவி. "கல்லறைத் திருநாளுக்கு நான் அந்த வண்டியிலதான் போவணும் பெருமாளு. வந்து எடுத்துட்டுப் போ. அந்த கியர் பாக்ஸத் திறந்து பாக்கணும்."

எதற்குத் திறக்க வேண்டும் என்று கேட்காமலே மறுநாள் புது பேட்டரியோடு போனான்.

முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டு இரும்பு கேட்டின் நடுவில், இடுப்பு உயரத்துக்குக் கீழே, ஒரு நசுங்கல் இருந்தது. உள்ளே ஷெட்டில் கார் சுவரோடு மூக்கை வைத்து நின்றது. சாணம் கட்டியதைப் போலத் தூசி. மதாம் வெள்ளைப் புடவையில் கையில் சாவியோடு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அன்னைக்கு நிறுத்துன மாதிரியே நிக்குது," என்றார். "யாரு நிறுத்துனாங்கன்னுதான் தெரியல."

கலியபெருமாள் பேட்டரியை மாற்றக் குனிந்தான். மதாம் கேட்டைப் பார்த்தபடி பேசினார், பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதைப் போல.

"காலையிலேருந்து எனக்கும் அவருக்கும் சண்டை. மக மெரின் பிரான்சுக்குக் கூப்புடறா, நான் போலாங்கறேன், அவரு வரலங்கறாரு. மூணு மணிக்கு நெஞ்சு பாரமா இருக்குது, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? போறதுன்னா போ, நாடகம் ஆடாதன்னேன். போயிட்டாரு. முக்கால் மணி நேரத்துல வண்டி திரும்பி வந்து கேட்டண்ட நிக்குது. இஞ்சின் சத்தம் கேக்குது. எப்பவும் ரெண்டு ஹார்ன் அடிப்பாரு, நான் போயி தொறப்பேன். அன்னைக்கு அடிக்கல. அடிக்கட்டும் தொறக்கறேன்னு நானும் உக்காந்திருந்தேன். அரை மணி நேரம் உக்காந்திருந்தேன் பெருமாளு."

"விடுங்க மதாம்."

"அப்பறம் போயி தாப்பாளத் தூக்குனேன். கேட்டு என்னத் தள்ளிக்கிட்டே தொறந்துது. வண்டி மெதுவா உள்ள வந்துது, எப்பவும் வர்ற மாதிரி. நான் அவரு மூஞ்சப் பாக்கல. வீம்பு. திரும்பிக்கிட்டு உள்ள போயிட்டேன். வண்டி அதுபாட்டுக்கு ஷெட்டுக்குப் போயி நின்னுது. ஆறு மணிக்கு வெளக்குப் போட வந்தப்பவும் இஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துது." நிறுத்திச் சொன்னார்: "டாக்டரு சொன்னாரு, அப்பவே உசுரு போயி ரெண்டு மணி நேரமாவது ஆயிருக்கும்னு."

கலியபெருமாளின் கையிலிருந்த ஸ்பானர் பேட்டரி மேல் விழுந்து பொறி பறந்தது. ஆட்டோமேட்டிக் வண்டியை முன்னால் போகிற 'டி' கியரில் போட்டுவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஊர்ந்து போகும். அது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். கேட்டில் முட்டி நின்றிருக்கிறது, திறந்ததும் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் செத்த மனுஷன் ஸ்டீரிங் பிடித்தபடி, வழிவிட்ட பெண்டாட்டியைத் தாண்டி, தன் இடத்தில் போய் நின்றதை அவனால் மனசிலிருந்து நகர்த்த முடியவில்லை.

சாவியைத் திருப்பியதும் அவன் உட்கார்ந்திருந்த சீட்டு முனகிக்கொண்டு நகர்ந்தது. முன்னால் போனது. முசியே குள்ளம், கலியபெருமாள் ஆறடி. முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் முட்டின. ஸ்டீரிங் இறங்கி வந்து மார்பைத் தொட்டது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் தாமாகக் குனிந்து முசியேயின் கண்ணுக்கு ஏற்ற மாதிரி நின்றன.

"அவரு சாவி," என்றார் பின் சீட்டிலிருந்து மதாம். "அவரு அளவ ஞாபகம் வச்சிருக்கும்."

பொத்தானை அழுத்திச் சீட்டைப் பின்னால் தள்ளினான். ரிவர்ஸில் போட்டான். பத்து மாதம் நின்ற வண்டி முதலில் அசையவில்லை. பிறகு அடியில் 'தொம்' என்று ஒன்று விழுந்த மாதிரி சத்தம் கேட்டு, பின்னால் போனது. இதோ, என் எண்ணெய் என்று நினைத்துக்கொண்டான்.

ரோட்டில் ஏறிய பிறகு ஒவ்வொரு கியருக்கும் காத்திருந்தான், அடி விழப்போகிற முதுகைப் போல. இப்போது வழுக்கும். இப்போது உறுமும், நகராது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று இரண்டானதும் தெரியவில்லை, இரண்டு மூன்றானதும் தெரியவில்லை. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலைகூட ஆடவில்லை. வண்டி அவன் காலுக்கு ஓடவில்லை. பூப்போல மிதிக்கிற வேறொரு காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிக்னலில் இஞ்சின் அணைந்து மறுபடி போட்டபோது சீட்டு மறுபடியும் அவனை முன்னால் கொண்டுபோனது. இந்தத் தடவை அவன் பொத்தானைத் தொடவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டே ஓட்டினான்.

பட்டறைத் தெரு முனை வந்தது.

"இங்க நிறுத்து," என்றார் மதாம்.

நிறுத்தினான்.

"இங்கதான் நின்னாராம். எதிர்க்க டீக்கடை வச்சிருக்கானே, அவன் பாத்திருக்கான். அஞ்சு நிமிஷம் நின்னுட்டுத் திரும்புனாராம். உன் பட்டறைக்கு வந்தாரா?"

"இல்ல மதாம்."

"நீ பாக்கலியா?"

"பாக்கல."

மதாம் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். குரல் அவன் காதுக்குப் பக்கத்தில் வந்தது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போனா கோரிமேடு ஆஸ்பத்திரி. ஏன் திரும்பணும்? வண்டி மக்கர் பண்ணித் திரும்புனாருன்னா நான் ராத்திரி தூங்கிடுவேன். வண்டி நல்லா இருந்துதுன்னா, அவரு என்னத் தேடித்தான் திரும்பியிருக்காரு. கேட்டண்ட வந்து, ஹார்ன் அடிக்கத் தெம்பில்லாம, நான் வருவேன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. எது உண்மைன்னு எனக்குத் தெரியணும். அந்த பாக்ஸுக்குள்ள இருக்கற எண்ணெய்க்குத் தெரியும்னு நீதான் அவர்ட்ட சொல்லியிருக்க. எண்ணெயப் பாத்தா வண்டிக்கு என்ன நோவுன்னு சொல்லிடலாம்னு."

சொல்லியிருக்கிறான். பீற்றிக்கொள்ளச் சொன்ன பேச்சு.

பட்டறையில் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தினான். இந்த வண்டியின் கியர் பாக்ஸுக்கு அளவு பார்க்கும் குச்சி கிடையாது. கம்பெனிக்காரன் மூடி அனுப்பியது. அடிப் போல்ட்டைக் கழற்றி வடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். மதாம் வாசல் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மழை வரவில்லை, வெயிலும் இல்லை. வானம் அழுக்குத் துணி மாதிரி தாழ்ந்து கிடந்தது.

அம்மாவாசை இரும்புத் தூளைத் தட்டிக்கொண்டு வந்தான். வண்டியைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "பொணம் ஓட்டுன வண்டிய உள்ள வுட்டுருக்கற. ஒரு கற்பூரமாவது கொளுத்துனியாடா?"

"போய் உன் லேத்தப் பாரு."

பெஞ்சின் மேல் இரண்டு கேன் இருந்தன. ஒன்று பாதி தீர்ந்த பழைய சிவப்பு. இன்னொன்று நேற்று சென்னையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி வாங்கிய ஒரிஜினல்.

"எத ஊத்தப்போற?" என்றான் அம்மாவாசை. "இருபது வருஷத்து பாக்ஸு. உள்ள தேஞ்ச தூளுதான் பிளேட்டப் புடிச்சிக்கிட்டு இருக்கும். முழுசாக் கழுவி நல்லத ஊத்துன, அப்படியே படுத்துக்கும். செவப்பே இருக்கட்டும் வுடு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

"செவப்பு வேணாம்."

"அப்ப அந்தம்மாகிட்ட சொல்லப்போறியா?"

மதாம் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "போன தடவ ஊத்துனதையே ஊத்து பெருமாளு. நல்ல எண்ணெய் ஊத்தியிருக்கான், வண்டி வெண்ணெயா ஓடுதுன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. டிசம்பர்ல மெரினக் கூட்டியாற சென்னைக்குப் போயிட்டு வந்ததுலேருந்து ஒரே புகழ்ச்சிதான்."

அம்மாவாசை கலியபெருமாளின் முகத்தைப் பார்த்தான். "நான் சாப்புட்டு வரேன்," என்று நழுவினான்.

கலியபெருமாள் பள்ளத்தில் இறங்கினான். தலைக்கு மேலே பாக்ஸ் சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வடிதட்டைக் கீழே வைத்து, டார்ச் அடித்து, போல்ட்டில் ஸ்பானரை மாட்டப் போனவன் கையை நிறுத்தினான்.

போல்ட்டின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. கம்பெனி சர்வீஸ்காரர்கள் முடுக்கி முடித்ததற்கு அடையாளமாக இழுப்பார்களே, அந்தக் கோடு. அதன் அடியில் பளபளவென்று செப்பு வாஷர். அவன் போட்டது பழைய வாஷர். பெயின்ட் அடிக்கிற பழக்கமே அவனிடம் கிடையாது.

போல்ட் சுழன்று கையில் வந்தது. எண்ணெய் வடிந்தது. தேன். சுத்தமான, புது, வெயிலில் பிடித்த தேன் நிறம். ஒரு தூசி இல்லை. கருகல் வாடை இல்லை. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். எங்கேயும் சிவப்பு இல்லை.

மனுஷன் சென்னையில் வண்டியை விட்டு, மெஷின் வைத்துக் கழுவி, சரியான எண்ணெயை ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பெருமாளு தப்பாக ஊற்றினான் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. அவன் பெயர் கெடக் கூடாது என்று, அவன்தான் நன்றாகச் செய்தான் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

அப்படியானால் நான் கொல்லவில்லை. கலியபெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பத்து மாதப் பாரம் தொடை வழியாக இறங்கிப் போனது.

சிரிப்பு பாதியில் நின்றது.

வண்டியில் கோளாறு இல்லை. எண்ணெய் விஷயத்தை அவர் எப்போதோ தீர்த்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை. அப்படியானால் தெரு முனையில் விளக்கை மினுக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் எதற்கு நின்றார்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மேற்கொண்டு ஓட்ட முடியாமல், தெரிந்த முகம் ஒன்றைத் தேடித்தான் நின்றிருக்கிறார். பெருமாளு வந்து ஸ்டீரிங்கைப் பிடித்தால் ஆறு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அவர் இங்கே பார்த்தபோது பட்டறையில் ஆள் இல்லை. ஆள் இதே பள்ளத்தில், இதே மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எண்ணெய் வடிவது நின்று சொட்டத் தொடங்கியது. சொட்டுக்குச் சொட்டு இடைவெளி கூடியது.

மேலே பள்ளத்தின் விளிம்பில் இரண்டு செருப்புக் கால்களும் குடையின் நுனியும் வந்து நின்றன. அவனுக்கு மதாமின் முகம் தெரியவில்லை. மதாமுக்குத் தட்டில் இருப்பது தெரியாது. உள்ளே அவ்வளவு இருட்டு. டார்ச்சை அணைத்தான்.

"என்னா சொல்லுது?" என்றது குரல்.

உண்மையைச் சொன்னால் இந்தம்மா கேட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்துக்கே போய்ச் சேரும். அப்புறம் அவனையும் கேட்கும்: வண்டி நன்றாக இருந்தும் உன் தெருவில் ஏன் நின்றார், நீ எங்கே இருந்தாய்? எதை யாருக்காகச் சொல்கிறான் என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"வண்டிதான் மதாம்," என்றான். "என் தப்பு. போன வருஷம் தப்பான எண்ணெய ஊத்திட்டேன். செவப்ப ஊத்திட்டேன். உள்ள எல்லாம் வழுக்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில மாட்டிக்கிட்டிருக்கும். வேகமே எடுத்திருக்காது. அதனாலதான் திரும்பிட்டாரு."

"இப்ப நல்லா வந்துதே?"

"ரொம்ப நாள் நின்னதால வந்துது. சூடேறுனா மறுபடி பண்ணும்."

குடையின் நுனி சிமென்டில் ஒரு தடவை குத்தியது.

"தெரிஞ்சே ஊத்துனியா?"

"தெரியாம ஊத்துனேன். அப்பறம் தெரிஞ்சிது. சொல்லல."

அந்தப் பதில் மட்டும் சுத்தமான உண்மை.

"பாவிப்பயலே," என்றார் மதாம். கத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. "அவரு உன்னப் புகழ்ந்தாரேடா. ஊர் பூரா சொல்லுவேன். கோயில்ல சொல்லுவேன். ஒருத்தன் வண்டி கொண்டாந்து உன்கிட்ட வுடமாட்டான்."

"சொல்லுங்க மதாம்."

"வண்டிய வூட்டுல கொண்டாந்து வுட்டுட்டுப் போ. அதுக்கப்பறம் என் மூஞ்சில முழிக்காத." செருப்புகள் திரும்பின. இரண்டடி போய் நின்றன. குரல் வேறு மாதிரி, ஏதோ காணாமல் போன சாமானைக் கண்டெடுத்த மாதிரி வந்தது. "எனக்குப் பசிக்குது."

ஆட்டோ ஒன்று நின்று, போகிற சத்தம் கேட்டது.

கலியபெருமாள் கையை அவசரமாக ஓட்டினான். வடிதட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, மூலையில் இருந்த கழிவெண்ணெய் டிரம்மில் கவிழ்த்தான். உள்ளே இருந்த கறுப்பு அதை வாங்கிக்கொண்டது. போல்ட்டின் மஞ்சள் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தான். செப்பு வாஷரைப் பட்டறைக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையில் விட்டெறிந்தான். புது வாஷர் போட்டான். சென்னைக் கேனைத் திறந்து ஊற்றினான். இஞ்சினை ஓடவிட்டு, அளவுத் துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்கிற வரைக்கும் ஊற்றி மூடினான். பெட்டிக்குள் முன்பு இருந்த அதே எண்ணெய்தான் மறுபடியும் உள்ளே போனது. ஆனால் அதைச் சொல்ல இப்போது சாட்சி இல்லை.

அம்மாவாசை பல்லைக் குத்திக்கொண்டு வந்தான். "என்னடா, அந்தம்மா போயிடுச்சா? சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அடப்பாவி. என்னா சொல்லுச்சு?"

"பசிக்குதுன்னுச்சு."

அம்மாவாசை நம்பாமல் பார்த்தான். காலிக் கேனைத் தூக்கி, அதன் வாயில் தொங்கிய கடைசிச் சொட்டை விரலில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "இது தேன் கலரு. உள்ளேருந்து என்னா கலர்ல வந்துது?"

இவனிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் கலியபெருமாள் வாயைத் திறந்தான்.

"செவப்பு," என்று வந்தது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே," என்று அம்மாவாசை விரலைப் பனியனில் துடைத்துக்கொண்டு லேத்துப் பக்கம் போனான்.

கலியபெருமாள் பள்ளத்தின் விளிம்பில் குந்தினான். நான் பொய்தான் சொன்னேன், கண்ணால் பார்த்தது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கண்ணை மூடி, மனசுக்குள் போல்ட்டைக் கழற்றினான். எண்ணெய் விழுந்தது. சிவப்பு. கண்ணைத் திறந்து, தலையை உதறி, மறுபடி மூடிக் கழற்றினான். டார்ச் வெளிச்சம், தட்டு, விரல் எல்லாம் அப்படியே இருந்தன. எத்தனை தடவை கழற்றினாலும் மேலே இருந்து விழுந்தது சிவப்பாகவே விழுந்தது.